தில்லியில் காப்பி: பக்குவமும் பணியிடமும்

முன்னுரை

தமிழில் ‘பக்குவம்’ என்னும் சொல் பல நிலைகளில் வழங்குகிறது. கனி முதிர்ந்த நிலையும் பக்குவம்; உணவு ஆக்கும் முறையும் பக்குவம்; மனம் தெளிந்த நிலையும் பக்குவம். காப்பி என்னும் பானத்திற்கு இச்சொல் முழுமையாகப் பொருந்துகிறது. செடியில் கனி பழுப்பது முதற் பக்குவம். கொட்டையைப் பிரித்து உலர்த்துவது இரண்டாம் பக்குவம். வறுத்து அரைப்பது மூன்றாம் பக்குவம். வடித்துக் கலந்து தருவது நான்காம் பக்குவம். ஆயினும் காப்பியைப் பற்றிய தமிழ்ப் பேச்சில் நான்காவது பக்குவமே பெரிதும் நினைக்கப்படுகிறது. ‘நல்ல காப்பி’ என்பது நல்ல கைப்பக்குவம் உடைய ஒருவர் கலந்த காப்பி என்றே பொருள்படுகிறது. முந்தைய மூன்று பக்குவங்களில் ஈடுபட்ட கைகளும், நான்காவது பக்குவத்தைக் கூலிக்குச் செய்த கைகளும் பேச்சில் இடம்பெறுவதில்லை.

தமிழகத்தில் காப்பி பரவிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காப்பி நடுத்தர வகுப்பாரின் பண்பாட்டு அடையாளமாக நிலைபெற்றதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும், தேநீருடன் ஒப்பிட அது பெற்ற மதிப்பையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. தமிழகத்திற்கு வெளியே, காப்பி விளையாததும் காப்பியை அன்றாடப் பானமாகக் கொள்ளாததுமான ஒரு நகரில் இப்பானம் எவ்வாறு நிலைபெற்றது என்பது அதனை ஒட்டி எழும் வினா. தில்லி நகரை முன்வைத்து அவ்வினாவுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. தில்லியில் காப்பி நிலைத்ததும் மறைந்ததும் சுவையை மட்டும் பொறுத்தவை அல்ல. அதனைப் பக்குவப்படுத்திய உழைப்பையும், அவ்வுழைப்பு நிகழ்ந்த இடத்தையும் பொறுத்தவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முகலாயர் காலக் காவா இல்லங்கள்

தில்லிக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர்கள் தென்னிந்தியர் என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. வரலாற்றுச் சான்றுகள் வேறு செய்தியைத் தருகின்றன. ஜஹாங்கீர் அரசவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுடன் தங்கியிருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரி, மது அருந்தாத சமயப் பற்றாளர் பலர் காப்பி அருந்தியதைத் தம் பயண நூலில் பதிவுசெய்துள்ளார். கரிய விதையை நீரில் கொதிக்கவைத்து அப்பானம் ஆக்கப்பட்டது என்பதும் அவர் குறிப்பால் அறியப்படுகிறது. இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குரிய செய்தி.

18ஆம் நூற்றாண்டில் இப்பானத்திற்கெனத் தனி இடங்களே தில்லியில் இருந்தன. 1738ஐ ஒட்டி முதலாம் ஆசப் ஜா நிஜாமுடன் தில்லிக்கு வந்து சில ஆண்டுகள் தங்கிய தர்கா குலி கான், பாரசீக மொழியில் எழுதிய ‘முரக்கா-இ-தெஹ்லி’ என்னும் நூலில் சாந்தினி சௌக்கின் காவாகானாக்களைக் குறிப்பிடுகிறார். கவிஞர்கள் அங்குக் கூடித் தம் பாக்களைப் படித்தனர். ‘காவா’ என்பது காப்பியைக் குறிக்கும் அரபுச் சொல். ‘கானா’ என்பது இல்லம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். பானமும் பாவும் கூடிய இடமாக அது விளங்கியது.

இக்காவா இல்லங்கள் பிற்காலத் தில்லியில் தொடரவில்லை. நாதிர் ஷாவின் 1739ஆம் ஆண்டுப் படையெடுப்பும், அதனைத் தொடர்ந்த அரசியல் குலைவும், 1857க்குப் பின் பழைய தில்லியின் மேட்டுக்குடி வாழ்வு சிதைந்ததும் அவ்விடங்களைப் பேணிய சூழலை அழித்தன. காவா வணிகத்தைத் தாங்கிய புரவலர் மறைந்ததும் பானமும் நகரின் பொதுவாழ்விலிருந்து விலகியது. 20ஆம் நூற்றாண்டில் காப்பி தில்லிக்கு மீண்டும் வந்தபோது அது வேறு வழியில், வேறு பக்குவத்தில் வந்தது.

கனியிலிருந்து கொட்டை

இரண்டாம் வருகையை அறியக் காப்பியின் தென்னிந்தியப் பின்புலம் இன்றியமையாதது. பாபா பூதன் என்னும் சூஃபி ஞானி ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர்ப் பகுதிச் சந்திரகிரி மலையில் நட்டார் என்பது 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த மரபுச் செய்தி. அம்மலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பெருந்தோட்டப் பயிராகக் காப்பி வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில்தான். மைசூர், குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன், பழனி, ஆனைமலை ஆகிய மலைப்பகுதிகளில் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. தென்னிந்தியத் தோட்டங்களும் அந்நோயால் தாக்குண்டன. ஆயினும் நிழல்மரங்களுக்கு அடியில் பயிரிடும் முறையும், நோய் தாங்கும் வகைகளைத் தேடிய ஆய்வும் காப்பியைக் காத்தன. சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூருக்கு அருகில் 1925இல் தொடங்கிய ஆய்வு நிலையம் இம்முயற்சியில் முதன்மையானது.

காப்பிக் கனி செடியில் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்திருக்கும். எனவே பழுத்தவற்றை மட்டும் தேர்ந்து பறிக்க ஒரே செடிக்குப் பலமுறை திரும்ப வேண்டும். இப்பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும். பறித்த பழம் அன்றே பக்குவத்திற்குச் செல்ல வேண்டும். குவித்துவைத்தால் புளித்துக் கொட்டையின் மணம் கெடும்.

கொட்டையைப் பிரிக்க இரு முறைகள் உள்ளன. முதலாவது உலர்முறை. பழத்தை அப்படியே களத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறி, தோல் கறுத்துச் சுருங்கிக் கொட்டை உள்ளே கலகலக்கும் வரை உலர்த்துவர். இவ்வாறு பெறும் கொட்டை வணிகத்தில் ‘செர்ரி’ எனப்படுகிறது. இரண்டாவது ஈரமுறை. இயந்திரத்தால் பழத்தின் மேல்தோலும் சதையும் நீக்கப்படும். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பசை, தொட்டியில் ஒன்று அல்லது ஒன்றரை நாள் புளிக்கவைப்பதால் இளகும். பின்னர்க் கழுவி உலர்த்துவர். கொட்டையைப் போர்த்திய மெல்லிய ஓட்டுடன் இருப்பதால் இது ‘பார்ச்மென்ட்’ எனப்படும். அராபிகா வகையில் இம்முறையால் பெற்ற கொட்டையே, ஓடு நீக்கப்பட்ட பின் ‘பிளாண்டேஷன்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வருகிறது.

தமிழ் இல்லங்களில் வழங்கும் காப்பிச் சொற்களுக்கு இப்பின்புலம் விளக்கம் தருகிறது. கடையில் ‘பிளாண்டேஷன் ஏ’ கேட்பவர் தோட்டத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ கேட்பதில்லை. ஈரமுறையில் பக்குவப்படுத்தி, சல்லடையால் அளவு பிரித்து, ‘ஏ’ எனத் தரம் குறித்த கொட்டையைக் கேட்கிறார். ‘பீபெரி’ என்பதும் ஒரு வகையன்று. வழக்கமாக ஒரு கனியில் இரு கொட்டைகள் ஒன்றையொன்று தட்டையான பக்கத்தால் நோக்கி அமையும். சில கனிகளில் ஒரு கொட்டை மட்டுமே வளர்ந்து பட்டாணி போல் உருண்டிருக்கும். அதுவே பீபெரி. உருண்ட கொட்டை வறுக்கும்போது சீராக உருள்வதால் சமமாக வறுபடும் என்பது அதனை விரும்புவோர் கூறும் காரணம். அளவு பிரித்தல், ஓடு நீக்கல், மெருகிடல், கறுத்த கொட்டைகளைக் கையால் பொறுக்கல் ஆகியன பதனிடும் ஆலைகளில் நிகழ்ந்தன. மங்களூர், ஹுன்சூர், கோயம்புத்தூர் ஆகியன இத்தொழிலின் மையங்கள். கொட்டை பொறுக்கும் பணியும் பெண்களுடையதே. இல்லத்தரசியின் நாவில் ஏறிய ‘பிளாண்டேஷன் ஏ’, ‘பீபெரி’ என்னும் தரப்பெயர்கள் இவ்வாறு தோட்டப் பெண்ணின் கையும் ஆலைப் பெண்ணின் கண்ணும் உருவாக்கியவை எனலாம்.

வறுவலும் கலவையும்

பச்சைக்கொட்டைக்குக் காப்பியின் மணம் இல்லை. வறுவலில்தான் அது பிறக்கிறது. சூடேறும்போது கொட்டையின் ஈரம் ஆவியாகிப் பச்சை நிறம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். ஏறத்தாழ இருநூறு பாகை செல்சியசை நெருங்கும்போது கொட்டை வெடிக்கும் ஒலி கேட்கும். சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து மணப்பொருள்கள் தோன்றுகின்றன. எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. வறுத்த கொட்டை சில வாரங்கள் மணம் காக்கும். அரைத்த பொடி சில நாட்களிலேயே அதனை இழக்கத் தொடங்கும்.

தென்னிந்தியக் காப்பிக்குத் தனித்தன்மை தருவது சிக்கரி. இது காப்பியோடு உறவில்லாத ஒரு செடியின் வேர். வேரை நறுக்கி உலர்த்தி வறுத்துப் பொடிப்பர். ஐரோப்பாவில் நெப்போலியன் 1806இல் விதித்த வணிகத் தடையால் காப்பி வரத்து குறைந்தபோது பிரான்சில் சிக்கரியின் வழக்கு பெருகியது. பஞ்சகாலத்துக்கான மாற்றுப் பொருள் பின்னர்ச் சுவைக்காகவே விரும்பப்பட்டது. சிக்கரியில் காஃபின் இல்லை; வேரில் உள்ள இனுலின் வறுவலில் கருகிய சர்க்கரையின் நிறத்தையும் இனிப்புக் கசப்பையும் தருகிறது. அது டிகாக்‌ஷனுக்கு அடர்த்தி கூட்டுகிறது. பொடி வழியே நீர் இறங்குவதை மெதுவாக்குகிறது. சிக்கரி கலந்த பொடியில் காப்பியின் பங்கு நிறையில் 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், கலவை விகிதத்தை உறையில் குறிக்க வேண்டும் என்றும் இந்திய உணவுச் சட்ட விதிகள் வகுத்துள்ளன.

தில்லியை நோக்கும்போது சிக்கரிக்கு ஒரு சிறப்பு உண்டு. இந்தியாவில் சிக்கரி பயிராகும் பகுதிகள் குஜராத்தும் உத்தரப் பிரதேசமும் ஆகும். தில்லிக்குத் தென்கிழக்கே உள்ள ஏட்டா, காஸ்கஞ்ச் வட்டாரங்கள் அதற்குப் பெயர்பெற்றவை. கங்கைச் சமவெளியின் உழவர் விளைவித்த வேர் தெற்கே சென்று, குடகு மலையின் கொட்டையோடு கலந்து, கும்பகோணத்தின் பெயரால் புகழ்பெற்ற பானமாகிறது. ‘தென்னிந்தியக் காப்பி’ என்னும் தொடரில் வடபுலத்தின் பங்கும் அடங்கியுள்ளது என்பது இதனால் தெளிவாகும்.

‘டிகாக்‌ஷன்’ என்னும் சொல்லும் வடித்தல் முறையும்

தமிழில் காப்பிச் சாற்றை ‘டிகாக்‌ஷன்’ என்பர். இச்சொல்லின் இலத்தீன் வேர் ‘கொதிக்கவைத்து வற்றச்செய்தல்’ எனப் பொருள்படும். மருத்துவத்தில் கசாயத்திற்கு ஈடாக ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இதுவே. ஆனால் பில்டரில் காப்பிப்பொடி கொதிப்பதில்லை. மேற்பாத்திரத்தின் துளையிட்ட அடிப்பகுதியில் பொடியை இட்டு, காம்புடைய துளைத்தட்டால் மெல்ல அழுத்தி, கொதித்து இறக்கிய நீரை மேலே ஊற்றுவர். நீர் தன் எடையாலேயே பொடியினூடே இறங்கிக் கீழ்ப்பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாகச் சேரும். இது வடிநீரே அன்றிக் கசாயம் அன்று. தூய தமிழில் ஆக்கப்பட்ட ‘கொட்டைவடிநீர்’ என்னும் சொல் இச்செயலைச் சரியாகவே உணர்த்துகிறது. ‘குளம்பி’ என்னும் மற்றோர் ஆக்கம் கொட்டையின் வடிவைக் கருதியது. வழக்கில் நிலைத்ததோ ‘டிகாக்‌ஷன்’ ஆகும்.

செயலுக்குப் பொருந்தாத சொல் நிலைத்திருப்பது ஒரு பழைய செயலின் எச்சமாகலாம். பொடியை நீரில் இட்டுக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டும் முறை பில்டருக்கு முற்பட்டது. டெர்ரி கண்ட முகலாயர் காலக் காப்பியும் கொதிக்கவைத்ததே. முறை மாறிய பின்னும் பெயர் மாறவில்லை எனக் கொள்வது பொருத்தமாகும். சொல்லாய்வு பொருள்சார் பண்பாட்டு வரலாற்றுக்குத் துணைசெய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று.

வடித்தலின் பயன் சுவையில் தெரிகிறது. கொதிக்கும் பொடி மணத்தை ஆவியோடு இழந்து கசப்பை மிகுதியாக வெளியிடும். மெதுவான வடித்தலில் மணப்பொருள்கள் முதலில் இறங்குகின்றன. எனவேதான் முதல் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக விருந்தினருக்கும், அதே பொடியில் மீண்டும் நீரூற்றிப் பெற்ற இரண்டாம் டிகாக்‌ஷன் பிறருக்கும் என்னும் இல்ல வழக்கு எழுந்தது. ‘டிகிரி காப்பி’ என்பதற்குப் பால்மானியில் பாலின் தூய்மையை அளந்த ‘டிகிரி’யே அடிப்படை என்பது பரவலான விளக்கம், சிக்கரி என்பதன் திரிபு என்பாரும் உளர். டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே ஆற்றுவது சர்க்கரையைக் கரைத்து, சூட்டைக் குடிக்கும் பதத்திற்குக் குறைத்து, நுரையை எழுப்புகிறது.

தில்லித் தமிழ் இல்லங்களில் காப்பி

1911இல் தலைநகர மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புதுதில்லி முறையாகத் திறக்கப்பட்ட காலத்தில் அரசு அலுவலகங்களில் பணியாற்றத் தமிழர் பலர் தில்லிக்கு வந்தனர். கரோல்பாக் அவர்களின் முதன்மைக் குடியிருப்புகளுள் ஒன்றாயிற்று. பள்ளிகளும் அமைப்புகளும் தோன்றின. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. கன்னாட் பிளேஸில் இயங்கிய ‘மெட்ராஸ் ஹோட்டல்’ பேருந்து நிறுத்தத்திற்கே பெயர் தரும் அளவுக்கு அறியப்பட்டது. க. நா. சுப்ரமண்யம், தி. ஜானகிராமன், இந்திரா பார்த்தசாரதி, ஆதவன், வெங்கட் சாமிநாதன் முதலிய எழுத்தாளர்கள் பல்வேறு காலங்களில் தில்லியில் வாழ்ந்தனர். ‘கணையாழி’ இதழ் 1965இல் கி. கஸ்தூரிரங்கனால் தில்லியிலிருந்தே தொடங்கப்பட்டது.

இடம்பெயர்ந்தவர் கொண்டுவந்த பொருள்களுள் பித்தளைப் பில்டர் குறிப்பிடத்தக்கது. அது சிறியது, நெருப்போ மின்சாரமோ வேண்டாதது, பெட்டியில் அடங்குவது. ஆயினும் கருவி வந்த அளவில் காப்பி வந்துவிடவில்லை. பொடி நாட்பட்டால் மணம் இழக்கும். சென்னையிலிருந்து இருப்புவண்டிப் பயணம் நீண்டது. எனவே பச்சைக்கொட்டையோ வறுத்த கொட்டையோ கொண்டுவந்து வீட்டிலேயே கையரைவையில் அரைப்பது நல்ல வழியாயிற்று. நிலத்தடி நீரின் கடினத்தன்மை காப்பியின் இயல்பான புளிப்பை மழுங்கச் செய்தது. பசும்பாலுக்கு மாறாக எருமைப்பாலே வடபுலத்தில் மிகுதி. தில்லிப் பால் திட்டம் 1959இலும், மதர் டெய்ரி 1974இலும் செயற்படத் தொடங்கிய பின் நகரின் பால் வழங்கல் நிறுவன வடிவம் பெற்றது; கொழுப்பு குறைக்கப்பட்ட பாலுக்கேற்ப டிகாக்‌ஷனின் அளவு மாறவேண்டியிருந்தது. குளிர்காலத்தில் வடிந்து முடிவதற்குள் டிகாக்‌ஷன் ஆறிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பில்டரை வைத்துச் சூடு காப்பது அதற்கு மாற்று. இவற்றையெல்லாம் அன்றாடம் சரிசெய்தது இல்லப் பெண்களின் உழைப்பே ஆகும். புலம்பெயர் வாழ்வில் ‘மாறாத சுவை’ எனக் கருதப்பட்டது, நாள்தோறும் செய்யப்பட்ட மாற்றங்களால் காக்கப்பட்ட சுவை.

தில்லியின் பிற மக்களிடையே காப்பி வேறு வடிவில் பரவியது. சுவிட்சர்லாந்தில் 1938இல் அறிமுகமான நெஸ்கஃபே போன்ற உடனடிக் காப்பிப் பொடிகள், வடித்த சாற்றை ஆலையிலேயே உலர்த்தித் தருவன. பொடியையும் சர்க்கரையையும் சில துளி நீரில் நுரைக்க அடித்துப் பால் ஊற்றும் முறை வடபுல இல்லங்களில் வழக்காயிற்று. திருமண விருந்துகளில் நீராவியால் பாலை நுரைக்கச் செய்து தரும் பானத்திற்கு ‘எஸ்பிரெஸ்ஸோ’ என்று பெயர். இத்தாலிய எஸ்பிரெஸ்ஸோவுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது. டிகாக்‌ஷன் என்னும் சொல்லில் பெயர் நின்று முறை மாறியது போலவே இங்கும் நிகழ்ந்துள்ளது.

வாரியமும் காப்பி இல்லங்களும்

இல்லத்திற்கு வெளியே தில்லியில் காப்பியை நிலைநிறுத்தியது அரசு சார்ந்த நிறுவனம். 1930களின் பொருளாதார மந்தத்தில் காப்பியின் விலை சரிந்தபோது உள்நாட்டு நுகர்வைப் பெருக்குவது தோட்ட உரிமையாளர்களுக்குத் தேவையாயிற்று. 1935இல் இயற்றப்பட்ட வரிச் சட்டத்தின்வழி அமைந்த காப்பிக் குழு, 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் ‘இந்தியா காபி ஹவு’ஸைத் திறந்தது. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்ததும் இத்தேவை மேலும் பெருகியது. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டம் காப்பி வாரியத்தை நிலைப்படுத்தியது. விளைந்த காப்பியை உழவர் பொதுத் தொகுப்புக்கு ஒப்படைக்க, வாரியமே விற்பனை செய்தது. இக்கட்டாயத் தொகுப்பு முறை 1990களில் படிப்படியாக விலக்கப்படும் வரை நீடித்தது.

1940களில் நாடெங்கும் ஏறத்தாழ ஐம்பது காப்பி இல்லங்கள் இருந்தன. காப்பி விளையாத, தேநீரும் மோரும் அருந்திய நகரங்களிலும் அவை திறக்கப்பட்டன. விளம்பரம் செய்வதே அவற்றின் நோக்கம் எனினும், குறைந்த விலையில் ஒரு கோப்பை வாங்கி நெடுநேரம் அமர்ந்து பேசும் இடமாக மக்கள் அவற்றை மாற்றிக்கொண்டனர். தமிழ் இல்லத்தில் காப்பி விடியலின் பானம். காப்பி இல்லத்தில் அது மாலையின் பானம். தில்லி மேசைகளில் ராம் மனோகர் லோகியா போன்ற அரசியலாரும் விஷ்ணு பிரபாகர் போன்ற இந்தி எழுத்தாளரும் அமர்ந்ததை அக்காலத்தவர் நினைவுகூர்கின்றனர். தர்கா குலி கான் கண்ட காவாகானாவின் பண்பு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் வேறு உருவில் தோன்றியது எனலாம். இவ்விரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி இல்லை. காப்பி அருந்தும் பொதுவிடம் உரையாடலைத் தோற்றுவிக்கும் என்னும் பண்பே ஒத்துள்ளது.

1957: தொழிலாளர் உரிமையாளரானமை

1950களின் நடுப்பகுதியில் காப்பி வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு காப்பி இல்லங்களை மூட முடிவுசெய்தது. பரிமாறுவோரும் சமைப்போரும் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது. சுவையை வளர்க்கத் தொடங்கப்பட்ட நிறுவனத்திற்குச் சுவை வளர்ந்ததும் இடம் தேவைப்படவில்லை. அவ்விடத்தில் பணியாற்றியவருக்கோ அதுவே வாழ்வு. கம்யூனிஸ்ட் தலைவரும் மக்களவை உறுப்பினருமான ஏ. கே. கோபாலன் தொழிலாளர்களை ஒருங்கிணைத்து, இல்லங்களை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். முதற் சங்கம் 1957 ஆகஸ்ட் 19இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 27இல் புதுதில்லியில் கூட்டுறவின் முதல் ‘இந்தியன் காபி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. கேரளம், வங்கம் முதலிய பகுதிகளிலும் சங்கங்கள் தொடர்ந்தன.

‘இந்தியா’ என்பது ‘இந்தியன்’ ஆனது ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாற்றம். தமிழ்ச் செவிக்கு முன்னது நாட்டின் பெயர். பின்னது நாட்டில் வாழும் மனிதனின் பெயர். இது திட்டமிட்டு அமைந்ததன்று எனினும் நிகழ்ந்த மாற்றத்தைச் சுட்டப் பொருத்தமானது. வெண்ணிறச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் மாறவில்லை. அவற்றை அணிந்தவர் கூலியாளர் நிலையிலிருந்து சங்க உறுப்பினராயினர். நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இலாபத்தில் பங்கும் அவர்களுக்கு உண்டாயின. கேரள இயக்கத்தை முன்னின்று நடத்திய நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை ‘காபி ஹவுசின்றெ கத’ என்னும் நூலை மலையாளத்தில் எழுதினார். காப்பி வரலாற்றைப் பரிமாறியவர் பக்கத்திலிருந்து கூறும் அந்நூல், அருந்தியவர் பக்கத்திலிருந்தே எழுதப்பட்ட பல நினைவுநூல்களுக்கு ஓர் எதிர்நிலை.

1976: இடம் இழந்தமை

கன்னாட் பிளேஸில், இன்று பாலிகா பஜார் உள்ள பகுதியில், தியேட்டர் கம்யூனிகேஷன் கட்டடத்தில் தில்லியின் காப்பி இல்லம் இயங்கியது. 1975 ஜூன் 25இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலையின்போது, 1976இல், அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அரசை விமர்சிப்போர் கூடிய இடம் என்பதே இடிப்புக்குக் காரணம் எனப் பலர் கருதினர். பின்னர் பாபா கடக் சிங் சாலையில் உள்ள மோகன்சிங் பிளேஸ் கட்டடத்தின் மேல்தளத்திற்குக் காப்பி இல்லம் மாறியது.

இந்நிகழ்வு கருதுகோளை உறுதிசெய்கிறது. கொட்டை, பொடி, பக்குவம் எதுவும் 1976இல் மாறவில்லை. இடம் மட்டுமே இழக்கப்பட்டது. அதனோடு பழைய கூட்டமும் கலைந்தது. 18ஆம் நூற்றாண்டுக் காவாகானாவைத் தாங்க உரிமைகொண்ட தொழிலாளர் அமைப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அது புரவலரோடு மறைந்தது. 20ஆம் நூற்றாண்டுக் காப்பி இல்லம் கட்டடம் இழந்த பின்னும் வேறிடத்தில் தொடர்ந்தமைக்குக் கூட்டுறவு அமைப்பே காரணம். உரிமை கட்டடத்தில் இல்லை, சங்கத்தில் இருந்தது என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் செய்திகள் புலனாகின்றன.

காப்பி தில்லிக்கு இருமுறை வந்தது. முதல் வருகை முகலாயர் காலக் காவாவாக, கொதிக்கவைக்கும் முறையில் அமைந்தது. இரண்டாம் வருகை 20ஆம் நூற்றாண்டில் தமிழ் இல்லங்களின் பில்டர் வழியாகவும், வாரியத்தின் காப்பி இல்லங்கள் வழியாகவும் நிகழ்ந்தது.

தமிழ்க் காப்பிச் சொற்கள் உழைப்பின் வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளன. ‘பிளாண்டேஷன் ஏ’, ‘பீபெரி’ என்பன கழுவுதலையும் பொறுக்குதலையும் உணர்த்தும் தரப்பெயர்கள். ‘டிகாக்‌ஷன்’ என்பது கைவிடப்பட்ட கொதிமுறையின் எச்சமாகலாம்.

தென்னிந்தியக் காப்பி எனப்படுவது முற்றும் தென்னிந்தியம் அன்று. அதன் கலவையில் உத்தரப் பிரதேச, குஜராத் உழவரின் சிக்கரியும், தில்லியில் அதன் இருப்பில் பல மொழித் தொழிலாளரின் கூட்டுறவும் அடங்கும்.

இல்லத்தில் பெண்களும், தோட்டத்திலும் ஆலையிலும் பெண் தொழிலாளரும், காப்பி இல்லத்தில் பரிமாறுவோரும் இப்பானத்தைத் தாங்கினர். இவர்களுள் 1957இல் தம் பணியிடத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டவர் காப்பி இல்லத் தொழிலாளர் மட்டுமே. கனி பறித்தவருக்கும் கொட்டை பொறுக்கியவருக்கும் அத்தகைய உரிமை வாய்க்கவில்லை. காப்பியின் பண்பாட்டு வரலாறு முழுமை பெற, அருந்தியோரின் நினைவுகளோடு பக்குவப்படுத்தியோரின் சொற்களும் தொகுக்கப்பட வேண்டும். சேர்வராயன், தாண்டிக்குடி, கூடலூர், வால்பாறைத் தோட்டங்களில் வழங்கும் தொழிற்சொற்களைக் களத்தில் சென்று திரட்டுவது தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.